தரையிலே தெரிந்த பழுது



அமெரிக்க தேசத்திலே சாதாரண மனுஷர் தங்கள் வீட்டு ஷெட்டில் சொந்தமாக விமானம் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மைதான். 1953-ம் வருஷம் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி என்பவர் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வேலையின் பெரும்பகுதியைக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

சரி, வேலை முடிந்தது. பெயின்டும் அடித்தாயிற்று. உடனே ஏறிப் பறந்துவிடுவானா? மாட்டான். புத்தியுள்ளவன் முதலாவது தரையிலே சோதிப்பான். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்தச் சோதனைகளைப் பற்றி வாசித்தபோது என் உள்ளம் அசைக்கப்பட்டது.

முதலாவது, நிறுக்கிறார்கள். மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு. எடை எவ்வளவு என்று மட்டுமல்ல, பாரம் எந்த இடத்தில் விழுகிறது என்றும் கணக்குப் போடுவார்கள். அளவுக்கு மிஞ்சி வால் பக்கம் பாரம் இருந்தால், பறக்கும்போது விமானம் கைக்கு அடங்காது.

இரண்டாவது, பெட்ரோல். சமதரையிலே நன்றாய் வரும். மேலே ஏறும்போதோ மூக்கு உயர்ந்திருக்கும். அப்போது வராமல் போகலாம். ஆகவே மூக்கை உயர்த்தி நிறுத்தி, எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றி, பாத்திரத்தில் பிடித்து அளப்பார்கள். எஞ்சின் முழு பலத்தில் குடிக்கிற அளவு மட்டும் வந்தால் போதாது. தானாக இறங்குகிற அமைப்பானால் அந்த அளவில் 150 சதவீதம், பம்ப் வைத்ததானால் 125 சதவீதம் வரவேண்டும். சுகமாயிருக்கிற நாளில் நம் விசுவாசம் நன்றாய்த்தான் ஓடுகிறது. மேட்டில் ஏறுகிற நாளில் ஓடுமா?

மூன்றாவது, எஞ்சின். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, விமானத்தைக் கயிற்றால் கட்டி, தீயணைக்கும் கருவியோடு ஒருவரை நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள். பொறி கொடுக்கிற மேக்னெட்டோ பல எஞ்சின்களில் இரண்டு உண்டு. ஒன்றை அணைத்துப் பார்ப்பார்கள். பிறகு மற்றதை அணைத்துப் பார்ப்பார்கள். ஏன்? இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஒன்றின் பலவீனம் வெளியே தெரியாது. ஐயா, ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து சத்தமாய்த் துதிக்கிறோம். திங்கட்கிழமை தனியறையில் நம் ஜெபம் ஓடுகிறதா?

நான்காவது, ஓடுபாதையில் மெதுவாக உருட்டி, பிரேக்கும் திருப்புதலும் சரியா என்று பார்ப்பார்கள். பிறகுதான் வேகம் கூட்டுவார்கள். அதிலும் எச்சரிக்கை உண்டு. வேகம் மிஞ்சினால், ஆயத்தமில்லாதவனையும் விமானம் தூக்கிக்கொண்டு போய்விடும்! இவ்வளவும் முடிந்து பறந்த பின்னும், பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்புதான். அதுவரை பயணிகளை ஏற்ற அனுமதியில்லை.

பிரியமானவர்களே, இந்தச் சோதனையின் நோக்கம் என்ன? விமானம் நல்லது என்று காட்டவா? இல்லை, பழுதைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தால் போதுமா? அதுவும் போதாது!

ஜான் டென்வர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர், வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி என்ற விமானத்தை வாங்கியிருந்தார். ஒரு டாங்கிலிருந்து மறு டாங்குக்கு மாற்றுகிற வால்வு, வரைபடத்தின்படி ஓட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டினவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். 1997 அக்டோபர் 12 அன்று, புறப்படுமுன், அது எட்டவில்லை என்று பாடகரும் ஒரு மெக்கானிக்கும் பேசிக்கொண்டார்கள். குறடு மாட்டிப் பார்த்தும், பெல்ட் போட்டு உட்கார்ந்தால் எட்டவில்லை. தேவைப்பட்டால் ஆட்டோ-பைலட்டைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிப் புறப்பட்டார். கலிபோர்னியாவின் மான்ட்ரே வளைகுடாவில் விமானம் விழுந்தது, அவர் மரித்தார். அந்த வால்வைத் திருப்ப முயன்றபோதே விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு சொன்னது.

மரித்தவரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பழுது தரையிலேயே தெரிந்திருந்தது. மேலே போய் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு வார்த்தை ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

இன்று நம்மில் எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொல்கிறோம்! கோபம் அடங்கவில்லை, கல்யாணமானால் சரியாகும் என்கிறோம். கடன் தீரவில்லை, வருமானம் பெருகினால் கொடுக்கலாம் என்கிறோம். சகோதரனோடு ஒப்புரவாகவில்லை, ஊழியம் வளர்ந்தபின் பேசிக்கொள்ளலாம் என்கிறோம். தம்பி, தரையில் எட்டாத கை ஆகாயத்தில் எட்டுமா?

மேடை கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கிற வாலிபனே, கர்த்தர் உன்னை மறக்கவில்லை. கயிற்றால் கட்டி நிறுத்தியிருப்பது உன்னை அழிக்க அல்ல, ஆராய. உன் குறையைச் சொல்லுகிற மூப்பரையும் மனைவியையும் சத்துருவாக எண்ணாதே. விமானம் கட்டுகிறவர்கள்கூட, தங்கள் கண்ணை மட்டும் நம்பாமல், அனுபவமுள்ளவரை வருந்தி அழைத்துக் காட்டுகிறார்களே! 139-ம் சங்கீதத்தில் தாவீது ராஜாவும் தன்னைச் சோதிக்கும்படி தானே தேவனிடம் கேட்கவில்லையா?

இந்த வாரம் உபவாசத்தோடு ஒரு நாள் தனித்திருங்கள். ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு பழுதை எடுத்து, இன்னும் தரையில் நிற்கும்போதே சரிசெய்யுங்கள்.

ஜெபிப்போமா? பரலோகப் பிதாவே, எங்களை ஆராய்ந்து பாரும். நீர் காட்டுகிற குறையை நாளைக்குத் தள்ளாமல் இன்றே சீர்படுத்த எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.