நாலடிப் பலகை

சனிக்கிழமை காலை எட்டு மணி. கலிஃபோர்னியாவில் ஒரு சமூகக்கூடம். மடக்கு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு துணியும் ஆல்கஹால் சீசாவுமாக நின்று மாடல் ரயில் தண்டவாளம் துடைக்கிறோம். தண்டவாள உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர்தான். அதில் வெள்ளி குன்றிமணி அளவுகூடக் கிடையாது. ஓடாமல் கிடந்தால் மேலே அழுக்குப் படியும், மின்சாரம் சரியாக ஏறாது, இன்ஜின் இரண்டு அடி போய் முக்கிக்கொண்டு நின்றுவிடும். துணியில் விழும் கறுப்புக் கோடு வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். இந்த அரைமணி நேரம் யாரும் அதிகம் பேசுவதில்லை. தண்டவாளம் பதித்த தன் பலகையை முடித்தவர் பக்கத்துப் பலகைக்கு நகர்கிறார். அது யாருடையது என்று பார்ப்பதில்லை.

*

எங்களுடையது ‘என்’ ஸ்கேல். அசலில் 160இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். பயணிகள் பெட்டி ஒன்று ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். மனிதன் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுவான்.

ஆளுக்கொரு பலகை செய்து எடுத்துவந்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய வட்டமாகப் பூட்டி ரயில் விடுவதுதான் வேலை. வழக்கமான பலகை நாலடி நீளம், இரண்டடி அகலம். முன் விளிம்பிலிருந்து 4 அங்குலத்தில் சிவப்பு லைன், ஐந்தரையில் மஞ்சள், ஏழில் நீலம். தரையிலிருந்து 40 அங்குல உயரம். பலகையின் இரண்டு முனையிலும் இந்த அளவு பிசகக்கூடாது. நடுவில் நீங்கள் பாலைவனம் வைக்கலாம், பனிமலை வைக்கலாம், ஒருவர் நிலாவையே வைத்திருக்கிறார். கேட்பாரில்லை. என்ட்ராக் என்ற இந்த ஏற்பாடு 1973இல் இதே கலிஃபோர்னியாவில்தான் தொடங்கியது.

எங்கள் தண்டவாளம் பலகையின் விளிம்புவரை வராது, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். இரண்டு பலகையை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வெறும் இடம் இருக்கும். அங்கே 124 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்தத் துண்டுகள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். எங்கள் ஊரில் வரப்பில்தான் வெட்டுக்குத்து நடக்கும். இங்கே வரப்பு வந்த இடத்தில்தான் இரண்டு பேர் தலையோடு தலை முட்டக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துண்டைச் செருகுகிறார்கள்.

*

ஸ்டீம் இன்ஜின்களை இங்கே சக்கர எண்ணிக்கையால் வகைப்படுத்துவார்கள். முன்னால் சின்னச் சக்கரம் எத்தனை, நடுவே இழுக்கும் சக்கரம் எத்தனை, பின்னால் எத்தனை என்று மூன்று எண். 2-8-0, 4-6-2 என்று சொல்வார்கள். நின்றுபோன ரயிலைக் கையால் தள்ளிவிடுவதற்கு 0-5-0 என்று பெயர். ஐந்து விரல். ‘அங்கே ஒரு 0-5-0 வேணும்’ என்று எவராவது குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவர் கை நீட்டுகிறார். எவ்வளவு பழைய ஜோக் என்று தெரியவில்லை, இன்னும் சிரிக்கிறோம்.

*

பாம்பன் பாலம் செய்யப் போகிறேன் என்று இங்கே சேர்ந்த முதல் வருஷமே அறிவித்துவிட்டேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். அசல் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 160ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 மீட்டர். பதினோரு பலகை வேண்டும். கூடத்தில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. ‘நாலடிக்கு எத்தனை கண் வருமோ அத்தனை செய், மிச்சப் பாலத்தைப் பார்ப்பவன் நினைத்துக்கொள்ளட்டும்’ என்றார் ஒரு பெரியவர்.

எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்தெட்டு வயது. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது. பெயரை விழுங்கிவிட்டு ‘சார்’ என்பேன். அவருக்கு அதில் ஒரு சிரிப்பு.

இந்தப் பொழுதுபோக்கில் ஆணி எண்ணுபவர்கள் என்று ஒரு சாதி உண்டு. அசல் பெட்டியில் எத்தனை ஆணி, மாதிரியில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்கள். இவர் அந்தச் சாதி. அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தார். பாம்பன் 2007வரை மீட்டர் கேஜ், பிறகு பிராட் கேஜ், அதாவது 1676 மில்லிமீட்டர். 160இல் ஒரு பங்கு என்றால் பத்தரை வர வேண்டும், நம்முடையது ஒன்பது.

‘தப்பு’ என்றார்.

‘என்ன செய்யலாம் சார்?’

‘ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்து செய். அவ்வளவுதான்.’

சொல்லிவிட்டுப் பையிலிருந்து, தூண்களுக்கு என்று அளவாக வெட்டிய பிளாஸ்டிக் தகடுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். தப்பு என்று தெரிந்த பிறகும் ராத்திரி உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்.

கடலும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். டாய்லெட் பேப்பரைக் கிழித்துப் போட்டு, நீர்த்த பசையைத் தூரிகையால் தடவி, ஈரத்தோடு விரல் நுனியால் சுருக்க வேண்டும். சுருக்கம்தான் அலை. காய்ந்ததும் வண்ணம், அதன்மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சு. தூரிகையை எடுத்துக்கொண்டு, ‘உன் ஊர்க் கடல் என்ன நிறம்?’ என்று கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம்; ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்கே மீனவர்கள் சொல்வார்கள், வடக்கே அமைதி, தெற்கே அலை என்று சொன்னேன். அவர் தெற்குப் பக்கத்துப் பேப்பரை முழுக்கப் பெயர்த்தெடுத்துவிட்டு இன்னும் முரடாகச் சுருக்கினார். பிறகு கண்காட்சிக்கு வரும் குழந்தைகளிடம் இதை அவர்தான் விளக்குவார். நான் பக்கத்தில் நின்றாலும் என்னைப் பேச விடமாட்டார்.

*

அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சதர்ன் பசிபிக் ரயில்கள் மட்டும்தான் வாங்குவார். சிவப்பும் ஆரஞ்சுமான அந்த ‘டேலைட்’ வண்டி ஓடும்போது பேசமாட்டார். காப்பியில் சர்க்கரை கிடையாது. எந்தக் கட்சி, எந்தச் சபை, தெரியாது. ஒரு மகன் இருந்ததே அவருடைய சவ அடக்கத்தில்தான் தெரிந்தது.

ஆறு வருஷம் பழகி இதுகூடத் தெரியவில்லையா என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ரயிலைப் பார்த்தவர்கள். என் சிநேகிதம் பலவும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசிப் பேசியே கசந்துபோனவை என்பதையும் சொல்ல வேண்டும்.

*

அவர் மனைவி போன் செய்தார். கராஜில் பெட்டி பெட்டியாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றார். ஐந்து பேர் போனோம், மூன்று ஞாயிறு. ஒவ்வொரு இன்ஜினையும் எடுத்துத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி, விலை போட்டோம். எங்களில் யாரும் போட்ட விலைக்குக் குறைத்து எதையும் எடுக்கக்கூடாது என்று பேச்சு. ஒருவர் மட்டும் ஓடாத ஒரு இன்ஜினை முழு விலைக்கு வாங்கினார். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் ஆறு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்தார்.

*

இதே கலிஃபோர்னியாவின் மாண்டெரேயில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்கள் பெயர் அறிந்த லேஅவுட், அதாவது முழு ரயில் அமைப்பு, அவருடையது; மலையும் பள்ளமுமாக வீட்டின் நிலவறையை நிறைத்தது. ரயிலுக்குக் கோரி அண்ட் டிஃபீட்டட் என்று பெயர். எழுத்து வேறு, ஆங்கிலத்தில் காதால் கேட்டால் ரத்தக்களரியாகித் தோற்றவன் என்று வரும். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து லேஅவுட் பெரும்பகுதி அழிந்தது. அதே வருஷம், அதே மாநிலத்தில், நாலடிப் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் என்ட்ராக் தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தண்டவாளம் துடைக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

*

சாரின் பலகையை மட்டும் விற்க மனம் வரவில்லை. அந்த அம்மாளும் வேண்டாம் என்றார். ஒரு ஆரஞ்சுத் தோட்டம், ஒரு சின்ன ஸ்டேஷன், பெஞ்சில் தொப்பி வைத்த ஒரு ஆள். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒயர்கள் எல்லாம் நிறம் பிரித்துக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறது. தனக்குப் பிறகு இன்னொருவர் பிரித்துப் பார்ப்பார் என்று எழுதியதுபோல.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. கூடத்துக்கு ஏழரைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். என் காரில் பின் இருக்கையை மடக்கினால் இரண்டு பலகைக்கு இடம் இருக்கிறது.