வம்சாவளி எதனைச் சொல்லும்?

புத்தூரில் அயலார் ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்தால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே முதற் கேள்வி. தருமத்தைத் தழுவிய நம்மவர்க்கு இக்கேள்வியின் கூர்மை நன்கு தெரியும். பிறப்பை அறிந்தால் மனிதரை அறிந்ததாகுமா?

மேரி பாஸ்டர் அம்மையாரை அமெரிக்கச் சீமாட்டி என்றே பலரும் கூறுவர். குடும்ப வரலாற்றைத் துருவினாலோ, 1844இல் ஹவாய் இராச்சியத்து ஹொனலூலுவில் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் ராபின்சன், கப்பல் கட்டிய ஆங்கிலேயர். தாய் ரெபேக்கா ஹவாய் மரபினர். அத்தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது 1898இல். எனவே அம்மையார் அமெரிக்கரானது ஐம்பது வயது கடந்த பின்னரே! வம்சாவளி இத்தகைய பிழைகளைத் திருத்தும். அவ்வளவில் அது பயனுடையதே.

ஆனால் 1893 அக்டோபரில் நிகழ்ந்ததை அது காட்டாது. சிகாகோ சர்வ சமய மகாசபையினின்று திரும்பிய அநகாரிக தருமபாலரின் கப்பல் ஹொனலூலுவில் நின்றது. கணவரை இழந்திருந்த அம்மையார் அவரைக் கண்டு, தம் கடுஞ்சினத்தை அடக்க வழி கேட்டார். தருமபாலருக்கு அப்போது வயது 29. முன்பின் அறியாத இளைஞரிடம் தம் குறையைச் சொல்வது ஒரு செல்வச் சீமாட்டிக்கு எளிதா? சினம் குருதியில் வந்தது, மாறாது என்று எண்ணியிருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். கேட்டதனால் பிறந்த தொடர்பே பின்னாளில் கொழும்பில் மருத்துவமனையாகவும் சாரநாத்தில் விகாரையாகவும் உருக்கொண்டது.

அவருக்கு மக்கட்பேறு இல்லை. வம்சாவளியில் அவர் பெயருக்குக் கீழே கோடு நின்றுவிடுகிறது. 1930இல் அவர் மறைந்தார். சாரநாத்து மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டது 1931இல். அவர் ஹொனலூலு நகரத்தார்க்கு விட்டுச்சென்ற தோட்டத்தில், அநுராதபுரப் போதியின் வழிவந்த அரசமரம் நிற்கிறது.