தேய்ந்த பிடி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரயாணிகள் அந்த வளைவுகளில் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். தலை சுற்றுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். வண்டியோட்டியின் இடது கையைப் பார்க்கிறவர்கள் மிகவும் குறைவு. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை வண்டியோட்டிகளின் பழைய பாடம். அப்போது வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவனின் எண்ணத்தைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டு போவது ஒரு கம்பியும், அதன் தலையில் திருகிய ஓர் உருண்டையும்.

அந்த உருண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நியாய அநியாய விசாரத்துக்கு இது மிக அற்பமான பொருள் என்று வாசகர் நினைக்கலாம். அரிச்சந்திரனுக்குச் சுடுகாடு வாய்த்தது. நமக்கெல்லாம் வாய்ப்பவை இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தாம்.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பித் தோட்டம் ஒன்றில் உழைத்துக் களைத்த மகிந்திரா ஜீப்பை வாங்கி, பல வருஷம் தாமே ஓட்டினார். அதன் கியர்ப் பிடி கறுப்பாக, வெடிப்பு விட்டு, கையில் ஒட்டுகிற பதத்துக்கு வந்திருந்தது. கடையில் போய்ப் புதிது வாங்கினால் சொற்ப விலைதான். அவருக்கு மனம் ஒப்பவில்லை. தாமே செய்வது என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தோதகத்தி மரத்தில் ஆசை வைத்தார். அந்த மரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்று நினைவுபடுத்தினேன். தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி. மிளகுக் கொடிக்கு நல்ல தோள் கொடுக்கும், ஆனால் உள்ளங்கையில் உருளும் சாமானுக்குச் சற்று மெதுவானது. கடைசியில் காப்பிக் கட்டையே அகப்பட்டது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டு வந்த செடி அது. கிழடு தட்டிய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடும்போது அடிக்கட்டைகள் விறகாகப் போகும். வெளிறிய நிறம், நெருங்கிய இழை, நல்ல கனம். அந்தக் கட்டைக்குள் இவ்வளவு அழகு இருக்கிறது என்று அடுப்புக்கு எப்படித் தெரியும்?

பச்சைக் கட்டையைக் கடைந்தால் காயும்போது பிளந்துவிடும். அதனால் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் போட்டு வைத்தார். பிறகு கையால் பிடிக்கும் டிரில் எந்திரத்தை மேசையில் இறுக்கி, அதையே கடைசல் இயந்திரமாக்கிக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆயினும் உருண்டை உருண்டையாகத்தான் வந்தது. அடியில் துளையிட்டு, பழைய பிடியின் மரைக்குப் பொருந்தும் பித்தளை நட்டு ஒன்றை அரால்டைட் வைத்துப் பதித்தார். மரத்திலேயே மரை வெட்டினால் நாள்பட நெகிழ்ந்துவிடும். உப்புத்தாளில் முரட்டுத் தாளிலிருந்து மெல்லிய தாள் வரைக்கும் தேய்த்தது மூன்று மாலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் பளபளப்பு வரும். ஆனால் ஈரம் பட்டால் வெளுத்துப் போகும், கை வியர்க்கும் இடத்துக்கு ஆகாது. ஆகவே ஆளிவிதை எண்ணெயை ஈரத் துணியால் துடைத்தாற்போல் மெல்லியதாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டு, மறுபடி தேய்த்தார். (அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும்.) கம்பியின் அடியில் கிழிந்து தொங்கிய ரெக்ஸின் உறையையும் தையல் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்துத் தோலில் வெட்டித் தைத்தார்.

இவ்வளவும் முடிந்த சமயத்தில் அவருடைய கண் பார்வை மங்கிவிட்டது. மலையில் இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பை விற்க வேண்டியதாயிற்று.

தரகர் வந்து பார்த்தார். காப்பிக் கட்டைப் பிடியைக் கையில் வாங்கி மெய்ம்மறந்து நின்றார். "சார், இதைப் போட்டுடுங்க. மிதிகட்டை ரப்பரையும் மாத்திடுங்க. வண்டி பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார்.

நண்பர் அன்று இரவு சாப்பிடவில்லை. பழைய பிடியை என் முன்னால் கொண்டு வந்து வைத்தார். அதன் முன்புறத்தில், விரல்கள் மடங்கிப் பதியும் இடத்தில், ஒரு பள்ளம். அந்த வண்டிக்கு இறக்கத்தில் இரண்டாவது கியர் நிற்காது. எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர் கழன்ற வண்டி சரிவில் எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் தோட்டத்து டிரைவரும், பின்னால் இவரும், வளைவுக்கு வளைவு அந்தப் பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். பள்ளம் அப்படி விழுந்தது. விஷயம் தெரிந்தவன் அதைத் தடவிப் பார்த்தாலே கியர்ப் பெட்டியின் வியாதியைக் கண்டுகொள்வான்.

எனக்கு இந்த இடத்தில்தான் சுவாரசியம் தட்டியது. தமக்காகச் செய்து தம் வண்டியில் மாட்டியிருந்தால் அந்த உருண்டை ஒரு கலைப் பொருள். அதே உருண்டை, அதே கம்பியில், விற்கிற அன்று மாட்டினால் பொய்ச் சாட்சி. மரத்தில் ஒன்றும் மாறவில்லையே!

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அது பொய்யா? இல்லை, வருகிறவனுக்கும் அது வெள்ளையடித்த சுவர் என்று தெரியும். கோயில் திருப்பணியில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதை யாரும் குறை சொல்வதில்லை. மணலை வீசியடித்துக் கல்லைச் சுத்தம் பண்ணினார்களே, கல்வெட்டு எழுத்தும் சேர்ந்தல்லவா மழுங்கிற்று? கோளாறு அங்கேதான். ஜீப்பின் சேற்றைக் கழுவலாம். பிடியில் இருந்த பள்ளம் சேறு அல்ல, எழுத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரை வருகிறது. ஊனமுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். ஊனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். உண்மையை வேண்டுமென்று மூடி மறைத்தால்தான் மோசடி. அடுத்த உதாரணம் இன்னும் விசேஷமானது: வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகளாக இருந்து, அப்போதுதான் வயது வந்தவளாகவும் இருந்தால், ஊனத்தைச் சொல்லுவது அவன் கடமை.

சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. சந்தையில் ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு ஊரானுக்கும் தகப்பனாக இருக்க முடியாது. ஆனால் குதிரை நொண்டினால் வாங்கியவனுக்கு நஷ்டம், அவ்வளவுதான். இறக்கத்தில் கியர் கழன்ற ஜீப்புக்கு எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் வரலாம். அந்தப் பிள்ளைகள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. இதை நண்பரிடம் சொன்னேன். "புதுப் பிடியைப் போடாமலே விற்றால் நான் யோக்கியனா? வாங்குகிறவனுக்குப் பள்ளத்தைப் படிக்கத் தெரியாவிட்டால்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. படிக்கத் தெரியாதவன் முன்னால் கல்வெட்டை வைத்துவிட்டு, நான் மறைக்கவில்லையே என்பதும் ஒருவகைச் சாமர்த்தியம்தான். வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

வாங்க வந்தவர் நடுவயதுக்காரர். மிளகும் ஆரஞ்சும் போட்டிருப்பவர். நண்பர் புதுப் பிடியை மாட்டியே வைத்திருந்தார். பழையதைக் கையில் கொடுத்து, இரண்டாவது கியர் சமாசாரத்தை விவரமாகச் சொன்னார். அவர் பள்ளத்தை விரலால் தடவிவிட்டு, "பழைய ஜீப்னா எகிறத்தானேங்க செய்யும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே 12,000 ரூபாய் குறைத்தார். தரகர் அதற்குப் பிறகு நண்பர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பழைய பிடி ஸ்பானர்ப் பெட்டிக்குள் போயிற்று. இவர் என்றைக்காவது வேறொருவருக்கு விற்கும்போது அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவாரா என்று கேட்டேன்.

"அது அவர் கணக்கு. 12,000 ரூபாய் கொடுத்து என் கணக்கை நான் தீர்த்துவிட்டேன்" என்றார் நண்பர்.

எனக்கு அது தீர்ந்துவிட்டதாகத் தோன்றவில்லை. அந்தப் பிடி அவ்வளவு அழகாக இல்லாமல் இருந்திருந்தால் தீர்ந்திருக்கலாம். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கலாம் என்றேன். வாங்கியவர் அதைத்தான் முதலில் கிழித்துப் போடுவார் என்று சொல்லிவிட்டு, அவர் உப்புத்தாள்களை எடுத்து மடித்து வைக்கத் தொடங்கினார்.