பொருள் கூறுக!

"கீழ்க்காணும் சொற்களுக்குப் பொருள் கூறுக" — வினாத்தாளில் இந்த வரியைக் காணாத மாணவன் இல்லை. இதை எழுதாத ஆசிரியனும் இல்லை. ஒரு பக்கம் சொல், நடுவிலே ஒரு கோடு, மறுபக்கம் பொருள். மாணவன் மனப்பாடம் செய்கிறான், ஒப்பிக்கிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்தும் விடுகிறான்! நாமும் சிவப்பு மையால் ஒரு குறியிட்டு, கரும்பலகையைத் துடைத்து, கடமை முடிந்தது என்று வீடு திரும்புகிறோம்.

முடிந்ததா கடமை? சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டால் போதுமா? அந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்துக் கூறுகிறார்? அது எவரை உயர்த்துகிறது, எவரைத் தாழ்த்துகிறது? இவற்றைக் கேட்கப் பழக்குவது யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நம் உள்ளத்திலே எழுப்பியது தத்துவ நூல் அல்ல, தோழர்களே! ஒரு பன்றிக்குட்டியின் கதை!

'சார்லட்டின் வலை' என்பது அந்தக் கதையின் பெயர். அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் சிறுவர்களுக்காக எழுதி, 1952-இல் வெளிவந்த புதினம். அமெரிக்கப் பள்ளிகளிலே இந்நூலைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்வளம் கற்பிப்பது வழக்கம். நம் வகுப்பிலும் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க இதையே எடுத்துக்கொண்டோம். சொற்பட்டியல் தயாரிக்க ஏற்ற நூல் என்றுதான் எடுத்தோம். பட்டியலே நம்மைப் பதம் பார்க்கும் என்று எண்ணினோமில்லை!

கதை எளியது. பண்ணையிலே பன்றி குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்று நலிந்தது, சிறியது. அதைக் கொல்லக் கோடரியோடு புறப்படுகிறார் பண்ணைக்காரர். அவருடைய மகள், எட்டு வயதுச் சிறுமி ஃபெர்ன், ஓடிவந்து கோடரியைப் பற்றிக்கொள்கிறாள். சிறியதாகப் பிறந்தது அதன் குற்றமா? நான் அப்படிப் பிறந்திருந்தால் என்னையும் கொன்றிருப்பீரா? என்று வாதாடுகிறாள். 'இன்ஜஸ்டிஸ்', அதாவது அநீதி என்ற சொல், அந்தச் சிறுமியின் வாயிலிருந்து முதல் அத்தியாயத்திலேயே வெடித்துக் கிளம்புகிறது. அகராதியைப் புரட்டி அறிந்ததல்ல அந்தச் சொல். கோடரியைப் பற்றி இழுத்து அறிந்தது!

பிழைத்த குட்டிக்கு வில்பர் என்று பெயர். வளர்ந்ததும் ஃபெர்னின் மாமன் பண்ணைக்கு ஆறு டாலருக்கு விலைபோகிறது. குளிர்காலம் வந்ததும் வெட்டப்படும் என்பது முடிவு. அங்கே தொழுவத்து வாயிலில் வாழும் சார்லட் என்ற சிலந்தி, வில்பரைக் காப்பாற்ற ஒரு வழி காண்கிறது. தன் வலையிலே எழுத்துகளைப் பின்னுகிறது! 'இதுவல்லவோ பன்றி' என்று பொருள்படும் சொற்கள் முதலில், பிறகு 'டெரிஃபிக்', பிறகு 'ரேடியண்ட்', கடைசியாக 'ஹம்பிள்'.

ஊர் திரளுகிறது. உள்ளம் உருகுகிறது. கோவில் பாதிரியார் அற்புதம் என்று அருளுரை ஆற்றுகிறார். நம் பன்றி சாதாரணப் பன்றியல்ல என்று பண்ணைக்காரர் பூரிக்கிறார். அவர் மனைவி மட்டும், சாதாரணமல்லாதது சிலந்திதான் என்று தனக்குத் தோன்றுவதாகக் கூறுகிறாள். உண்மை கூறியவள் அவள் ஒருத்திதான். ஆனால், பெண்ணின் பேச்சு எவர் காதிலே ஏறியது!

அந்த அருள்வாக்குகளுள் சில எங்கிருந்து வந்தன தெரியுமோ? எலி ஒன்று பொறுக்கி வந்த அச்சுத் துண்டுகளிலிருந்து! ஊரே கண்டு உருகிய 'ரேடியண்ட்', சோப்புத்தூள் பெட்டியிலே அச்சிட்டிருந்த சொல். மனிதர்கள் 'கல்லிபிள்' என்கிறது சிலந்தி. அப்படியென்றால் என்ன என்று கேட்கிறான் வில்பர். எளிதில் ஏமாறுகிறவர்கள் என்று விடை வருகிறது. அச்சில் கண்டதையெல்லாம் நம்புகிறவர்கள் மனிதர்கள் என்பது அந்தச் சிற்றுயிரின் கணிப்பு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பி, வழக்கம்போல் எழுதினோம்: 'ஹம்பிள் — பணிவுள்ள, தாழ்மையான.' எழுதியதை அத்தனை பேரும், ஒருவர் பாக்கியின்றி, அப்படியே படியெடுத்தனர்! அச்சில் கண்டதை நம்பிய ஊரைப் பார்த்துச் சிரித்த அதே பிள்ளைகள், பலகையில் கண்டதை நம்பினர், நம்பவைத்தவர் நாம்.

ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், பணிவு நல்ல குணமா?"

"ஆமாம், அம்மா."

"என் தாத்தா பெரிய வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால், தோள்துண்டை எடுத்து இடுப்பிலே கட்டிக்கொண்டு நிற்பாராம். அதுவும் பணிவுதானே, சார்? அதுவும் நல்ல குணமா?"

வகுப்பு அடங்கிப்போயிற்று. நமக்கும் பேச்சு எழவில்லை. பட்டம் பெற்ற படிப்பு பதில் தரவில்லை. பன்றிக்குட்டியின் கதைதான் தந்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்கிறது சார்லட்: செருக்கு இல்லாமை ஒன்று, தரைக்கு அருகே இருத்தல் மற்றொன்று. இலத்தீன் மொழியிலே மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது 'ஹம்பிள்'. நம் மொழியிலும் அப்படித்தான். தாழ்மை என்ற பண்பும், தாழ்வு என்ற இழிவும் 'தாழ்' என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஆனால், பண்பும் இழிவும் ஒன்றா? செருக்கின்மை ஒருவன் தானே மேற்கொள்வது. மண்ணோடு மண்ணாய்க் கிடப்பது பிறர் அவன்மீது சுமத்துவது. இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்ததிலேதான் ஆதிக்கக்காரனின் ஆதாயம் இருக்கிறது. காலால் மிதித்துக்கொண்டே, கிடப்பவனைப் பார்த்து, 'எவ்வளவு பணிவு!' என்று பாராட்டலாமல்லவா?

அகராதிக்குள் அடங்கி வாழும் பிராணியல்ல சொல். 'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அகராதியிலே அதற்குக் குடியேற்றம் என்று பொருள். இழிவு ஏதும் இல்லை. தமிழ்நாட்டுத் தெருவிலே அது என்ன பொருள் கொண்டது? ஊர் வேறு, காலனி வேறு என்று கோடு கிழிக்கும் கத்தியாயிற்று. 2025 ஏப்ரலில், அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. அகராதிப் பொருளை மட்டும் கற்ற பிள்ளைக்கு, ஏன் நீக்கினர் என்பது விளங்குமா? அந்தச் சொல்லால் குத்தப்பட்ட பிள்ளைக்குத்தான் விளங்கும்.

அப்படியானால் அந்த மாணவிக்கு நாம் என்ன விடை கூறுவது? உண்மையை மறைப்பானேன்! பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, 'பணிவு — அடிமைகளுக்கு எசமானர்கள் கற்பித்த பாடம்' என்று கொட்டை எழுத்தில் எழுதவே கை துடித்தது. சுண்ணக்கட்டியையும் எடுத்துவிட்டோம். எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதையும் அத்தனை பேரும் அப்படியே படியெடுத்திருப்பர்! பழைய வலையை அறுத்து, நம் வலையைக் கட்டியிருப்போம். அச்சை நம்பாதே என்று கூறி, என் பலகையை நம்பு என்பதா பகுத்தறிவு? தாம் சொன்னதற்காக எதையும் ஏற்கவேண்டாம், சொந்த அறிவைக்கொண்டு ஆராயுங்கள் என்று மேடைதோறும் வற்புறுத்தியவர் பெரியார். மேடைக்குப் பொருந்தும் அந்த அறம், வகுப்பறைக்குப் பொருந்தாதா?

"நல்ல காரியத்துக்காகத்தானே! சிலந்திகூட ஊரின் மூடநம்பிக்கையைப் பயன்படுத்தித்தானே ஓர் உயிரைக் காத்தது?" என்று கேட்கக்கூடும், செயல்வீரர் சிலர். ஆம், காத்தது. ஆனால் கவனியுங்கள்: வில்பர் பிழைத்தான், ஊர் தெளிவு பெறவில்லை! வலையிலே வேறொருவர் வேறொன்றை எழுதியிருந்தால் அதற்கும் கைகூப்பியிருக்கும். சிலந்திக்கு வேறு வழியில்லை, குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நமக்கு வழி இருக்கிறது, வகுப்பறை இருக்கிறது, நாளை இருக்கிறது.

அந்தச் சிலந்தியிடமே கற்கத்தக்க பாடம் ஒன்றும் உண்டு. 'ரேடியண்ட்' என்ற சொல்லைப் பின்னுவதற்கு முன், வில்பரை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி, சொல் அவனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. சொல்லைச் செயலோடு உரசிப் பார்க்கிறது! நாமும் அதையே செய்தோம். கட்டியைக் கீழே வைத்தோம். "பணிவு என்ற சொல் எங்கெங்கே கேட்கிறது, யார், யாரிடம் சொல்கிறார் என்று பார்த்து வாருங்கள்; பொருளை நாளை எழுதுவோம்" என்றோம்.

மறுநாள் வந்த விடைகள், எந்த அகராதியிலும் காணக் கிடைக்காதவை. அண்ணனிடம் சொல்லாத அப்பா தன்னிடம் சொல்வதாக ஒரு மாணவி எழுதினாள். கடை முதலாளி வேலைக்காரப் பையனிடம் சொன்னதாக ஒருவன் எழுதினான். முதலாளியிடம் எவரும் சொல்லக் கேட்கவில்லையாம்! இன்னொருவன், மருத்துவமனையிலே தள்ளாத மூதாட்டிக்குத் தன் நாற்காலியைத் தந்துவிட்டு நின்ற செவிலியைப் பற்றி எழுதினான். அங்கே எவரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை, ஆனால் பணிவு அங்கேதான் இருந்தது என்றான்.

கேள்வி கேட்ட மாணவியின் ஏட்டிலே இரண்டு வரிகள் இருந்தன. 'பணிவு — நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவர் தாமே விரும்பிக் குனிவது' என்பது முதல் வரி. 'நிமிர விடாமல் குனிய வைப்பது' என்று இரண்டாவது வரிக்குப் பொருளை மட்டும் எழுதி, சொல்லுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

அந்த இடத்தை நிரப்ப நமக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. மேடையிலே பலமுறை முழங்கிய சொற்கள்தாம். எனினும் சிவப்பு மையை மூடிவைத்தோம். தாத்தா இடுப்பிலே கட்டிய துண்டுக்குப் பேத்திதான் பெயர் சூட்டவேண்டும். சூட்டுவாள், நாம் காத்திருப்போம்!