விரலும் சம்மதமும்

நண்பர்கள் கூடும்போது செல்போன் பற்றிய பேச்சு ஒரே தடத்தில்தான் போகிறது. கவனம் சிதறிவிட்டது, நாவல் படிக்க முடியவில்லை, குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள். பேசி முடித்ததும் அவரவர் போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சில் எனக்குச் சிரத்தையில்லை. கவனச் சிதறல் பழைய வியாதி. அதற்காக ரேடியோவையும் வாரப் பத்திரிகையையும் முன்பே திட்டியாயிற்று. என்னைத் தொந்தரவு செய்கிற பிரச்னை பார்வையைச் சார்ந்ததல்ல, விரலைச் சார்ந்தது. ஒரு நாளில் எத்தனையோ தடவை நான் ஒரு கண்ணாடித் தகட்டைத் தொடுகிறேன். தொடுவதாகச் சொல்கிறேன், எதைத் தொடுகிறேன்? தொட்டதன் பேரில் நடந்துவிட்ட காரியத்தை, நான் செய்தது என்று எந்த அர்த்தத்தில் சொல்வது?

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது புல்லுக்கும் மரத்துக்கும் கொடுக்கிற ஒரே அறிவு உற்றறிவு. தொடுதலை அவர் உணர்ச்சி என்று சொல்லவில்லை, அறிவு என்று சொல்கிறார். அரிஸ்டாட்டிலும் மற்றப் புலன்கள் இல்லாமல் ஒரு பிராணி இருந்துவிடலாம், ஸ்பரிசம் இல்லாமல் இருக்க முடியாது என்று கருதினார். மனிதனின் புத்திக்கும் அவனது ஸ்பரிசத்தின் நுட்பத்துக்கும் முடிச்சுப் போட்டார். (‘மெய்’ என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களை வைத்து வித்தை காட்டத் தோதான இடம் இது. காட்டப்போவதில்லை.) சென்ற நூற்றாண்டில் மெர்லோ-பொந்தி, ஒருவனின் வலது கை அவனுடைய இடது கையைத் தொடும் சாதாரண நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போனார். தொடுகிற கையே தொடப்படுகிற கையாகவும் ஆகக்கூடும். பார்க்கிறவன் ஒளிந்துகொண்டு பார்க்கலாம். தொடுகிறவன் ஒளிய முடியாது. பதிலுக்குத் தொடப்படும் அபாயத்தோடு அவன் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு செயலுக்குப் பொறுப்பேற்பது என்று நாம் சொல்வதன் ஸ்தூலமான ஆரம்பம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது போனுக்கு வருவோம். அதன் திரை விரலின் அழுத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலம் ஒன்று, பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்ஸைடு, பரவியிருக்கிறது. விரல் வந்து சேர்ந்ததும் அந்த இடத்தின் மின்னேற்றம் கொஞ்சம் மாறுகிறது; மாறிய இடத்தை யந்திரம் கணக்கிடுகிறது. அவ்வளவுதான். பேனா மூடியால் எவ்வளவு தட்டினாலும் பதில் இல்லை. ஆனால் மழையில் நாலு துளி விழுந்தால் போன் தானாகவே எதையாவது திறக்கிறது, யாரையாவது கூப்பிடுகிறது. மழைக்கும் எனக்கும் அதற்கு வித்தியாசம் இல்லை. 1965ல் இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வுக்கூடத்தில் இ. ஏ. ஜான்சன் இப்படி ஒரு திரையை விவரித்தபோது அவர் மனத்தில் இருந்தது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களின் மேஜை. பயிற்சி பெற்ற சில கைகள், அவற்றுக்குத் தெரிந்த சில காரியங்கள். 2007ல் ஐபோன் வந்ததிலிருந்து அது எல்லோருடைய சட்டைப்பைக்குமான வஸ்து ஆகிவிட்டது.

லாப்டாப்பைப் பற்றி எனக்கு இவ்வளவு சந்தேகம் இல்லை. அதன் சாவிகள் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோதான் இறங்குகின்றன என்றாலும் இறங்குகின்றன. அடியில் தட்டி நிற்கின்றன. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன். ‘அழி’ என்பதற்கு ஒரு சாவி, அது இன்ன மூலையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கண்ணாடியில் எந்த மூலையும் விரலுக்குத் தெரியாது. மரணச் செய்தியைத் தள்ளிவிடுவதும், கவிதையைப் பாராட்டுவதும், ஐயாயிரம் ரூபாய் அனுப்புவதும் விரலுக்கு ஒரே வழவழப்பு.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு பாட்டி கவுண்டருக்கு வந்தார். பூ விற்கிறவர். மூன்று மாதமாகக் கணக்கிலிருந்து ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. ஏதோ காப்பீடு; பேரனுக்கு ரீசார்ஜ் செய்த ஒரு நாளில் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. “நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே தம்பி” என்றார். போனில் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். “என்னமோ வந்துச்சு. தள்ளி விட்டுட்டேன்.” ரகசிய எண் கேட்டிருக்குமே பாட்டி என்றேன். “அது எப்பவும் கேக்குமே!” என்றார். கம்பெனியின் பதிவில் தேதி, மணி, நிமிஷம், விநாடி எல்லாம் துல்லியமாக இருந்தன. பாட்டி சம்மதித்திருக்கிறார்.

அந்தத் ‘தள்ளி விட்டுட்டேன்’ என்ற வார்த்தையை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாததை மனிதன் கையால் தள்ளுகிறான், வேண்டியதைப் பற்றுகிறான். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த பாஷை இது. இந்த இரண்டு சைகைகளும் ஒன்றாகிவிட்ட ஒரு பரப்பில் பாட்டி நிராகரித்தார். யந்திரம் ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொண்டது. அவர் பொய் சொல்லவில்லை. பதிவும் பொய்யில்லை.

கை பட்டால் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. 1858ல் வங்காளத்தில், ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாலைக்குச் சரளை போட ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாயை அழைத்து, உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்தச் செய்தார். ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் சாஸ்திரம் அப்போது உருவாகியிருக்கவில்லை. பிற்பாடு ஹெர்ஷலே எழுதியிருப்பது போல், கையெழுத்தை மறுத்துப்பேசும் எண்ணமே கோனாய்க்கு வராதபடி பயமுறுத்துவதுதான் நோக்கம். அதாவது ஸ்பரிசத்தின் பயத்தை ஒரு ராஜாங்கம் உபயோகித்துக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்த வித்தைதான் இன்றைக்கு ரேஷன் கடை வரை வந்திருக்கிறது. செங்கலும் சிமெண்டும் ரேகையைத் தேய்த்துவிட்ட கொத்தனாரின் விரலை அங்கே யந்திரம் ஏற்க மறுக்கிறது. ஆனாலும் கோனாய்க்குத் தெரியும், தான் எதன்மேல் கை வைக்கிறோம் என்று. காகிதம் ஒன்று இருந்தது, அதில் இருந்தது சரளை பற்றிய பேச்சு, எதிரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பயப்படுவதற்கும் இவ்வளவு வேண்டியிருக்கிறது.

காகிதத்தை நான் புனிதமாக்க வரவில்லை. கடன் பத்திரங்களில் கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. யாரும் படிப்பதில்லை. இருபது இடங்களில் போடுகிறார்கள். ஆனால் ஏழாவது எட்டாவது இடத்தில் கை வலிக்கிறது, பேனாவை நிறுத்தி, “இது எதுக்கு?” என்று ஒருவராவது கேட்கிறார். பதில் சொல்லியாக வேண்டும். கைநாட்டு வைக்கும் கிழவரின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். பிறகு மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு, எவ்வளவு என்று இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறார். பொருளின் எதிர்ப்பு கேள்விக்கு இடம் கொடுக்கிறது. இதைக் கடந்தகால ஏக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஆட்சேபிப்பேன். எனக்குப் பேரேடுகளைத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவை பழைய ஆவணங்களின் அறைக்குப் போய்விட்டன.

தொடுதலின் புகழ் பாடுவதில் வேறொரு ஜாக்கிரதையும் இந்த நாட்டில் வேண்டும். மெர்லோ-பொந்தியின் இரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை. நம் தெருவில் கைகள் அப்படி இருந்ததில்லை. எந்தக் கை எந்தக் கையைத் தொடலாம் என்பதற்குப் பெரிய சாஸ்திரமே இருந்தது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் அதன் மிச்சம். எழுதுகிற நண்பர் ஒருவர், எங்கள் கூட்டத்தில் என்னைவிடக் கூர்மையானவர், நான் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். அவர் ஊர்க் கடைக்காரர் மிச்சச் சில்லறையை அவர் கையில் கொடுக்கமாட்டார். ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். 2016ல் யுபிஐ வந்தது. பிறகு அந்தக் கடையிலும் கட்டம் போட்ட அட்டை தொங்க ஆரம்பித்தது. “இப்ப நான் கண்ணாடியத் தொடறேன், அவர் கண்ணாடியத் தொடறார். எனக்கு இந்த வழவழப்பு போதும்” என்றார் நண்பர். அவருடைய கட்சியில் நியாயம் இருக்கிறது. அவமானத்தைச் சுமந்து வந்த ஒரு சைகை போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரும் எந்தத் தத்துவமும் எனக்கு வேண்டாம். ஆனால் கடைக்காரரின் கை மாறவில்லை. மாற வேண்டிய அவசியத்திலிருந்து அது தப்பித்துக்கொண்டது. இதை நான் சொன்னபோது, “அது அவர் கவலை” என்றார். அதற்குமேல் வாதிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆக, எதிர்ப்பில்லாத கண்ணாடி என்பது மட்டும் என் புகார் அல்ல. என் பக்கத்து இருக்கையில் வேலை செய்கிறவர் பார்வையற்றவர். சாவிகளில்லாத வழவழப்பான போன் அவரைப் போன்றவர்களை வெளியே தள்ளிவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2009ல் ஐபோனிலும், சில வருஷங்களுக்குள் ஆண்ட்ராய்டிலும் அதற்கு ஒரு வழி செய்தார்கள். அந்த ஏற்பாட்டில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போன் வாய்விட்டுச் சொல்லும். ஆனால் எதையும் செய்யாது. செய்ய வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டான திரைமேல் அவர் விரல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போன இரவில் அலமாரியில் தீப்பெட்டியைத் தேடுகிற கை அது. ஒவ்வொன்றாகத் தடவி, அதுவா இதுவா என்று அறிந்து, பிறகுதான் எடுக்கிறது. அவருக்குத் தொடுவது ஒன்று, செய்வது வேறு. நடுவில் ஒரு மௌனம் இருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன உற்றறிவு அங்கே இன்னும் அறிவாகவே இருக்கிறது. கண்ணுள்ள நமக்கோ அறிகிற வேலை முழுவதையும் கண் எடுத்துக்கொண்டு, விரல் வெறும் உத்தரவு போடுகிற உறுப்பாகிவிட்டது. கண்ணும் அவசரத்தில் இருக்கிறது. பாட்டியின் சம்மதத்தில் குறைந்தது அழுத்தமல்ல, இந்த இடைவெளிதான்.

ஒரு வாரம் என் போனிலும் அந்த ஏற்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். எரிச்சலான விஷயம். மின்கட்டணம் கட்டுவதற்குள் பஸ் போய்விட்டது. ஆனால் வழியில் விரல் பட்ட ஒரு சின்னப் பெட்டி, கண்ணுக்கு எத்தனையோ தடவை எதிரே வந்து நான் பார்த்தே இராதது, காதருகே சொல்லிற்று: ‘ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டுள்ளது.’ விரலைக் கொஞ்சம் நகர்த்தினேன். அதற்குக் கீழேயும் ஒன்று இருந்தது.