எரிகோ சாலையும் சிறுமலை அடிவாரமும்

இத்தாலி நாட்டில் பங்குப் பணியாற்றும் குருவானவர் ஒருவர், நம் குருமடத் தோழர், சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்தில் இரண்டு நாள் தங்கினார். இரவுணவுக்குப் பின் அவர் சொன்ன செய்திகளுள் ஒன்று இன்னும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. வட இத்தாலியில் கார்தா ஏரியிலிருந்து புறப்படும் மின்சியோ என்னும் ஆற்றை ஒட்டி, பெஸ்கியேரா என்னும் ஊரிலிருந்து மாந்துவா நகர் வரை, சுமார் 44 கிலோமீட்டர் தொலைவுக்கு மிதிவண்டிப் பாதை ஒன்று இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் மோட்டார் வாகனம் எதற்கும் இடமில்லை. பண்டைக் காலத்துப் பனியாறுகள் தள்ளிவந்து குவித்த தாழ்ந்த குன்றுகளையும், திராட்சைத் தோட்டங்களையும், ஆற்று நீரால் சுழன்ற பழைய மாவாலைகளையும் கடந்து அப்பாதை செல்கிறது. குழந்தைகளும் முதியோரும் அதில் அச்சமின்றி மிதித்துச் செல்வதைத் தாம் கண்டதாக நண்பர் கூறினார்.

அந்த ஆற்றுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருக்கும் காஸ்திலியோனே என்னும் சிற்றூரைத் தமிழ்க் கத்தோலிக்கர் மறத்தல் ஆகாது. 1680ஆம் ஆண்டு வீரமாமுனிவர் பிறந்த ஊர் அது. அவருக்கு நூறாண்டுக்கும் முன்னதாக, 1568இல், ஞானப்பிரகாசியார் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித அலோசியு கொன்சாகா பிறந்ததும் அங்கேதான். நண்பர் அப்பாதையில் சென்று, அவ்வூரையும் பார்த்து வந்ததாகச் சொன்னபோது நமக்குச் சிறிது பொறாமை உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

நமக்கும் ஒரு பாதை உண்டு. சிறுமலையின் மேற்கே மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலை இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. கிழக்கே நத்தம் சாலை. மலைமேல் ஏறும் சாலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்கள் அதற்கு இசையமாட்டா. ஆனால் அடிவாரத்துச் சிற்றூர்களை இணைக்கும் வண்டிப்பாதைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஒரு பக்கம் மாந்தோப்பும் தென்னையும், மறு பக்கம் மலை. மழை பெய்த சில நாட்கள் மட்டும் நீரோடி, பின் மணலாகக் கிடக்கும் ஓடைகள். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொன்னார். நாமோ பழைய மிதிவண்டியைத் துடைத்து எடுத்தோம். விடியலில் அப்பாதையில் செல்லும்போது மயிலின் குரலும் சங்கிலியின் ஒலியும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. செபமாலையில் ஐம்பத்து மூன்று மணியும் முடிவதற்குள் மூன்று ஊர்களைக் கடந்துவிடலாம்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வாகனமில்லாத பாதை நல்லது என்கிறோம். எவ்வகையில் நல்லது? உயிருக்குப் பாதுகாப்பானது என்றால் ஐயமில்லை. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோருக்கெனச் சாலையோரத்தில் தனி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். இரவில் நடந்த எளிய மக்கள் வண்டிகளில் அடிபட்டு மாண்ட வேதனையை அறிந்த எவரும் அதைக் குறை சொல்லார். ஆனால் அத்தகைய பாதை மனிதனை நல்லவனாகவும் ஆக்குமா? மெதுவாகச் செல்பவன் தன் அயலானை அறிவான், விரைந்து செல்பவன் அறியான் என்று எளிதாகச் சொல்லிவிடலாமா?

எளிதாகச் சொல்லவொட்டாமல் நற்செய்தியே குறுக்கே நிற்கிறது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை நிகழ்வதும் ஒரு சாலையில்தான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 27 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கம். அச்சாலையில் மோட்டார் வாகனம் ஏது? அங்கே சென்றவர் அனைவரும் நடந்தோ விலங்கின் மேலோதான் சென்றிருக்க வேண்டும். அப்படியிருந்தும் குரு விலகிப் போனார். லேவியரும் விலகிப் போனார். நின்ற சமாரியரிடமோ சவாரிக்கு ஒரு விலங்கு இருந்தது. ஆகவே மெதுவாகச் செல்வது மட்டும் அன்பாகிவிடாது.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உவமையின் குருவும் லேவியரும் அடிபட்டவரைக் கண்டார்கள் என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்கிறார். கண்டபின் விலகியதே அவர்கள் குற்றம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நமக்கோ அந்தக் குற்றம்கூட வாய்ப்பதில்லை. நாம் காண்பதே இல்லை. காணாததனால் குற்றமற்றவர் என்று எண்ணிக்கொள்கிறோம்.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் இந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. அறியாமை எல்லாம் பழியிலிருந்து விடுவிப்பதில்லை என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. அறியாமையை வேண்டுமென்றே விரும்புகிறவன் ஒருவகை. இன்னொரு வகையையும் அவர் சுட்டுகிறார்: தன் அலுவல்களின் மிகுதியால், தன்னைப் பாவத்திலிருந்து தடுத்திருக்கக்கூடிய அறிவைத் தேடாது விட்டவன். அவனுடைய அறியாமையும் மறைமுகமாக அவனே விரும்பியதுதான். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் எழுதப்பட்டது அது. நம் காலத்து நாட்குறிப்பேட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது! 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாவதாகக் கூறுகிறது. 2007இல் வத்திக்கான் சாலையைப் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் அதில் சேர்த்தது. நம் மக்களுள் எத்தனை பேர் வேகத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நாமும் சொன்னதில்லை, 2011 வரை.

அந்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அடிவாரத்துக் கிளைக்கிராமம் ஒன்றில் அந்தோணியார் பூசைக்காகக் காரில் விரைந்துகொண்டிருந்தோம். ஏற்கெனவே கால் மணி நேரம் பிந்தியிருந்தது. நத்தம் சாலையின் ஓரத்தில் ஒரு மிதிவண்டி சாய்ந்து கிடந்ததும், பால் கேன் ஒன்று உருண்டு கிடந்ததும் கண்ணில் பட்டன. ஒரு நொடிதான். யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் எழுந்ததா, அல்லது எண்ணமே எழவில்லையா என்பதை இன்றுவரை நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பூசை நடந்தது. மறையுரையும் ஆற்றினோம். திரும்பும்போது வண்டியைக் காணோம். பாலுக்குச் செல்லும் ஒருவரை வாகனம் இடித்துவிட்டு நில்லாமல் போனதும், அவர் பள்ளத்தில் விழுந்து கிடந்ததும், தேங்காய் ஏற்றிவந்த லாரியின் ஓட்டுநர் நிறுத்தி இறங்கி அவரைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுசென்றதும் மறுநாள்தான் தெரிந்தன. லாரிக்காரர்கள் மேல் நமக்கிருந்த பொதுவான கோபம் அன்றோடு தீர்ந்தது.

கால் முறிந்த அம்மனிதரை மருத்துவமனையில் சென்று கண்டோம். அவர் நம் திருச்சபையினர் அல்லர். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் அவரே சொன்னார்: "சாமி, ஒங்க காரு போனதப் பாத்தேன். பூசைக்கு நேரமாயிருச்சுன்னு போறீங்கன்னு நெனச்சேன்." அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டுப் பின் அப்பணியிலிருந்து விலகிய இவான் இல்லிச் என்னும் அறிஞர், 1974இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு நூலில் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் தம் காரை ஓட்டவும், நிறுத்தவும், அதற்காகப் பணம் ஈட்டவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு, 7,500 மைல் தூரம் செல்கிறார். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூடத் தேறவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. நமக்கோ அந்த மாலையில் மிச்சம் பிடித்த நிமிடங்கள் எத்தனை என்ற கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

மீண்டும் காஸ்திலியோனேக்கு வருவோம். 1859ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, அருகிலுள்ள சோல்பெரீனோவில் பெரும்போர் நிகழ்ந்து, காயமுற்ற ஆயிரக்கணக்கான வீரர்கள் அச்சிற்றூருக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆன்றி துனான் என்னும் சுவிஸ் நாட்டு வணிகர் தம் தொழில் தொடர்பாகப் பிரெஞ்சுப் பேரரசரைக் காணும் பொருட்டு அவ்வழியே வந்தவர். வந்த வேலையை விட்டுவிட்டு அங்கே தங்கினார். ஊர்ப் பெண்கள் நண்பன் பகைவன் என்று பாராமல் கோவிலுக்குள் எல்லாருக்கும் கட்டுப்போட்டதைக் கண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியதன் வேர் அந்த நாட்களில் இருக்கிறது. அவ்வூர் ஞானப்பிரகாசியாரும் 1591இல் உரோமை நகரில் கொள்ளைநோயால் வாடியவர்களுக்குப் பணிபுரிந்து, அந்நோய் தம்மையும் தொற்றி இருபத்து மூன்று வயதில் இறந்தவர். ஆற்றங்கரைப் பாதையில் இன்று மிதித்துச் செல்வோர் இவர்களை நினைக்கிறார்களா என்று நண்பரிடம் கேட்டோம். "சிலர்" என்றார். பெரும்பாலோர் ஐஸ்கிரீம் கடையை நினைக்கிறார்களாம்.

சென்ற மாதம் அடிவாரத்து ஊரார் பத்துப் பேர் நம்மிடம் வந்தனர். நாம் விடியலில் செல்லும் அந்த வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக்கக் கோரும் மனுவில் நம் கையெழுத்து வேண்டுமாம். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வருவதில்லை. பிரசவத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பறித்த பூ சந்தைக்குப் போய்ச் சேரும் முன் வாடிவிடுகிறது. வந்தவர்களுள் காலைச் சற்றுச் சாய்த்து நடக்கும் அப்பால்காரரும் இருந்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஒரு கணம் தயங்கினோம். மயிலும், மணலோடையும், நம் செபமாலையின் அமைதியும் கண்முன் வந்து போயின. அவர்களுக்கு வண்டி வேண்டும். வண்டியில்லாத பாதை நமக்கு வேண்டும். இத்தாலியில் ஒவ்வோர் ஊருக்கும் நல்ல சாலை அமைந்த பிறகே ஆற்றங்கரைக்குத் தனிப்பாதை வந்திருக்கும் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. சாலையின் வளைவுகளிலும் பள்ளிக்கூடத்தின் முன்னும் வேகத்தடை வேண்டும் என்று ஒரு வரியை நம் கையால் சேர்த்துக் கையெழுத்திட்டோம்.

ஜல்லி வந்து இறங்கிவிட்டது. நாளை விடியலில் மூன்றாவது ஊர் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.