உஷஸ்தி மறுத்த தண்ணீர்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் மூன்றாம் பத்தைத் திருவஹீந்த்ரபுரத்தில் தொடங்குகிறார். அதற்கடுத்த இரண்டு திருமொழிகள் தில்லைத் திருச்சித்ரகூடத்துக்கு உரியவை. கடலூரை அடுத்த கெடில நதிக்கரையில் தேவநாதனை மங்களாசாஸனம் செய்தவர், தெற்கே சிதம்பரத்தில் பள்ளிகொண்ட கோவிந்தராஜனிடம் வருகிறார். இன்றைய சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வந்ததும் ஆழ்வார் திருவாய் மலர்வது உணவைப் பற்றி. உண்ணாமையால் தசை வற்ற, உயிர் மட்டும் போகாதபடி காத்துக்கொண்டு, புலன்களை வருத்தித் தவம் இயற்ற வேண்டா. திருச்சித்ரகூடம் சென்று சேர்மின் என்பது இரண்டாம் திருமொழியின் முதற்பாசுரத்தின் கருத்து. காய்கனியையும் காற்றையும் உணவாகக்கொண்டு ஐந்து தீயின் நடுவே நெடுங்காலம் நிற்கும் தவத்தை அடுத்த பாசுரம் விலக்குகிறது. குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனைக்காக ஓராண்டு நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்வித்தவர், பட்டினியைப் பற்றி இவ்வாறு அருளியதில் வியப்பில்லை என்று அடியேன் நினைப்பதுண்டு.

இந்தப் பாசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏகாதசி உபவாஸமும் ஆஹார நியமமும் நமக்கு எதற்கு? ஆழ்வாரே வேண்டா என்றாரே" என்று கேட்பவர்கள் உண்டு. அடியேனும் ஒரு காலத்தில் கேட்டதுண்டு. ஆனால் இக்கேள்வி விளையாட்டாக இல்லாமல் போனது, சில ஆண்டுகளுக்கு முன் திருவஹீந்த்ரபுரத்து ஔஷதகிரியின் படிகளில்.

அன்று ஏகாதசி. அடியேனுடைய தாயாருக்கு அப்போது 71 வயது. நீரிழிவு நோய்க்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுக்கொண்டார். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. தேவநாதனைச் சேவித்துவிட்டு, எதிரே மலைமேல் எழுந்தருளியிருக்கும் ஹயக்ரீவனைச் சேவிக்கப் படியேறினோம். பாதி வழியில் அவர் கை நடுங்கத் தொடங்கியது; மார்கழிக் குளிரில் வியர்த்துக் கொட்டியது; கேட்டதற்குச் சம்பந்தமில்லாத விடை வந்தது. கைப்பையிலிருந்த கருவியில் சோதித்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தென்று மருத்துவர்கள் சொல்லும் அளவு அது. பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் கற்கண்டை எடுத்து நீட்டினார். தாயார் வாயை இறுக மூடிக்கொண்டு, "இன்னிக்கு ஏகாதசிடா" என்றார். நினைவு தடுமாறும் நிலையிலும் அந்த ஒன்று மட்டும் தடுமாறவில்லை. கடைசியில் வலிய வாயில் இட்டோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். தெளிந்ததும் அழுதார், நாற்பது ஆண்டு அநுஷ்டானம் போயிற்று என்று.

அந்த அழுகையை அடியேனால் எளிதில் தள்ள முடியவில்லை. "உடம்புதான் முக்கியம், சாமி கோபித்துக்கொள்ளாது" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்பவன், நாற்பது ஆண்டுகள் ஒருவர் காத்த ஒன்றை இலேசானது என்கிறான். அது இலேசானதாக இருந்தால் அவர் அழவேண்டியதில்லை.

ஆழ்வார் பாடிய அதே திருவஹீந்த்ரபுரத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் ஸ்வாமி தேசிகன் (1268–1369). தேவநாதன் மேல் மும்மணிக்கோவையும் நவரத்தினமாலையும் அருளிய அந்தப் பெரியவரே, ஆஹாரநியமம் என்று 21 பாசுரங்களில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதுமான உணவுகளை எண்ணிச் சொல்லியிருக்கிறார். ஒருவர் வாடவேண்டா என்கிறார், மற்றவர் வரையறுக்கிறார். இரண்டும் முரணா?

முரணன்று. ஆழ்வார் விலக்குவது, பட்டினியை எம்பெருமானை அடையும் விலையாகக் கொடுப்பதை. உடலை வருத்தி அவனைப் பெறலாம் என்ற எண்ணத்தை. பூர்வாசார்யர்கள் இவ்விடங்களை உபாயத்தைப் பற்றிய பேச்சாகவே கொள்வர். தேசிகன் விதிப்பதோ, அவனுக்கு ஆட்பட்டவன் உண்ணும் ஒழுங்கை. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ஏழு ஸாதனங்களை எடுத்துரைக்கையில் முதலில் நிற்பது விவேகம். அதற்குப் பொருள் ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷமும் அற்ற அன்னத்தால் உடலைத் தூய்மையாக வைத்திருப்பது. ஆஹாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும் என்ற சாந்தோக்யத்தின் வழி அது. ஆகவே நியமம் விலையன்று, ஆனாலும் நியமமே. விலையன்று என்பதால் ஒருநாள் குறைந்தால் பேறு குறையாது. நியமம் என்பதால் நினைத்தபடி குறைக்கவும் ஆகாது.

அப்படியானால் எவ்வளவு குறைக்கலாம்? இதற்குச் சாஸ்த்ரம் பொதுவாக ஒரு விடை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. எதை எப்போதுமே உண்ணலாகாது என்பது ஒருவகை விதி. எப்போது உண்ணாதிருக்க வேண்டும் என்பது வேறுவகை விதி. பூண்டும் வெங்காயமும் முதல்வகை. ஏகாதசி இரண்டாம் வகை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

இரண்டாம் வகை உடலின் சக்தியைப் பார்த்து இரங்குகிறது. ஏகாதசி உபவாஸம் எட்டு வயதைக் கடந்து எண்பது நிறையாதவர்க்கே விதிக்கப்பட்டது. முழு உபவாஸம் இயலாதவர்க்கு ஒருவேளை உணவு, இரவு மட்டும் உணவு, பால், பழம் என்று படிகள் உண்டு. நம் வீடுகளில் 'பலகாரம்' என்ற சொல்லே பலாஹாரத்திலிருந்து வந்ததுதான். இவற்றுக்கு அநுகல்பம் என்று பெயர். அதோடு, விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டினைத் தர்ம சாஸ்த்ரம் ஓதுகிறது. நீர், கிழங்கு, பழம், பால் முதலியவற்றோடு அப்பட்டியலில் குருவின் வார்த்தையும் மருந்தும் உள்ளன. சாஸ்த்ரம் நோயாளியை மறந்துவிடவில்லை. நாம்தான் அவ்வரிகளை நினைவில் வைப்பதில்லை.

ஆனால் மநு ஸ்ம்ருதி உடனே ஒரு கதவைச் சாத்துகிறது: முதற்கல்பம் செய்யச் சக்தியுள்ளவன் அநுகல்பத்தைப் பற்றினால் அவனுக்குப் பலனில்லை.

முதல்வகை இன்னும் கடினமானது. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் மூன்றாம் அத்யாயம் நான்காம் பாதத்தில் எல்லா அன்னத்துக்கும் அநுமதி பற்றிய அதிகரணம் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டுமே அந்த அநுமதி என்று எம்பெருமானார் அங்கே நிலைநாட்டுகிறார். அதற்குச் சான்றாவது சாந்தோக்யத்தின் முதல் ப்ரபாடகத்தில் வரும் உஷஸ்தியின் வரலாறு.

குரு நாட்டில் பயிர் அழிந்து பஞ்சம். உஷஸ்தி சாக்ராயணர் இளம் மனைவியோடு யானைப்பாகர் ஊரில் வறுமையில் தங்கியிருக்கிறார். ஒரு பாகன் வேகவைத்த பயற்றை உண்டுகொண்டிருக்கக் கண்டு அதில் சிறிது கேட்கிறார். 'என் கலத்தில் உள்ளதைத் தவிர வேறில்லையே' என்கிறான் அவன். 'அதிலேயே தா' என்று வாங்கிக்கொள்கிறார். பாகன் தண்ணீரையும் நீட்டுகிறான். அதை மட்டும் மறுக்கிறார்; எச்சில் நீர் ஆகாது என்கிறார். பயறும் எச்சில்தானே என்று பாகன் கேட்பது நியாயமான கேள்வி. உஷஸ்தியின் விடை: பயற்றை உண்ணாவிடில் உயிர் தரித்திரேன், நீரோ எனக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கும்.

அடியேனுக்கு இதில் பெரிதாகப் படுவது பயறன்று, தண்ணீர். விதியை மீறியவர் என்றால் முழுதும் மீறியிருக்கலாம். அரை நாழிகைக்குமுன் எச்சில் உண்டவர் எச்சில் நீரைத் தள்ளுவது பார்ப்பவர்க்கு நகைப்பாகக்கூட இருக்கும். அவர் நகைப்புக்கு அஞ்சவில்லை. தேவை எவ்விடத்தில் முடிந்ததோ அவ்விடத்திலேயே நியமம் மீண்டும் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை மீதிப் பயற்றை உண்டு, அரசன் வேள்விக்குச் சென்று, அங்கிருந்த ருத்விக்குகளுக்கு அவர்கள் ஓதும் ஸாமப் பகுதிகளின் தேவதைகளை உபதேசிக்கிறார்: ப்ராணன், ஆதித்யன், மூன்றாவதாக அன்னம். எச்சில் பயறுண்டு வந்தவர் வாயிலிருந்து இந்த உபதேசம் வருவதை உபநிஷத்து மறைக்கவில்லை.

இதே மனப்போக்கை மருத்துவ நூல்களிலும் காணலாம். 1890-இல் நடு ஆசியாவின் கூச்சா நகரத்தருகே கிடைத்து, பவர் கையெழுத்துப் பிரதி என்று பெயர்பெற்ற பழைய ஏடுகளில் பூண்டின் மருத்துவப் பயன் பேசப்படுகிறது. பூண்டு உண்ணாத அந்தணருக்கு நோய் வந்தால்? பசுவுக்குச் சில நாள் புல்லைக் குறைத்துப் பூண்டுத் தாளைத் தின்னக் கொடுத்து, அதன் பாலைப் பருகலாம் என்கிறது அந்நூல். சிரிப்பு வரலாம். ஆனால் நோயையும் விடாமல் நியமத்தையும் விடாமல் ஒரு மருத்துவன் எவ்வளவு தொலைவு சுற்றிப் போயிருக்கிறான் என்று பாருங்கள்.

தாயார் அழுத அன்று மாலை, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு வயோதிக ஸ்வாமியிடம் சென்று விண்ணப்பித்தோம். அவர் ஆறுதல் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"காலையில் ஊசி போட்டுக்கொண்டீர்களா, அம்மா?"

"போட்டுண்டேன், ஸ்வாமி."

"அதை ஏகாதசி என்று விடவில்லையே?"

"அது மருந்தாச்சே."

"அந்த மருந்து, பின்னால் உணவு வரும் என்று எண்ணியே உள்ளே போகிறது. உணவு அதற்கு அங்கம். அங்கியை எடுத்துக்கொண்டு அங்கத்தை விட்டால் அநுஷ்டானம் பூர்த்தியாகுமோ? மருந்து விரதத்தைக் கெடுக்காது என்றால் அதன் அங்கமும் கெடுக்காது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவு மட்டும். அதற்குமேல் ஒரு வாய் போனால் அது உங்களுடையது, மருந்தினுடையதன்று."

மீமாம்ஸையை இவ்வளவு எளிமையாக ஊசிக்குப் பொருத்தி அடியேன் கேட்டதில்லை. அன்றே மருத்துவரையும் பார்த்தோம். ஏகாதசிக்கு முன்னும் அன்றும் ஊசியின் அளவை எவ்வளவு குறைப்பது, எந்நேரம் எவ்வளவு உண்பது என்று அவர் எழுதிக் கொடுத்தார். உடலின் சக்தியை அறிய மருத்துவர். நியமத்தின் எல்லையை அறிய ஆசார்யன். இருவரையும் கேளாமல் தானே தன் உடம்புக்கு நீதிபதியாவதில்தான் இடர். நோயாளியின் தீர்ப்பு ஒன்று அபிமானத்தால் கூடும், அல்லது நாவால் குறையும்.

கூடியதற்குத் தாயார் உதாரணம். குறைந்ததற்கு அடியேனே. நெஞ்செரிச்சல் உண்டென்று ஒரு காலத்தில் ஏகாதசிக் காலையில் பில்டர் காபியை அநுகல்பமாக்கிக்கொண்டேன். வெறும் வயிற்றில் காபி நெஞ்செரிச்சலைக் கூட்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். பிறகு ரவை உப்புமா. பிறகு அதில் முந்திரி. ஒருமுறை திருச்சித்ரகூடம் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது சிதம்பரம் கொத்சின் மணம் வந்தது. கத்தரிக்காய் பழவகையைச் சேர்ந்ததுதானே என்று மனம் சாஸ்த்ரார்த்தம் பேசியதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆழ்வாரின் பாசுரத்தை அப்போதுதான் அடியேன் அடிக்கடி எடுத்துக் காட்டினேன்.

"அவரவர் உடம்புக்கு ஏற்றபடி" என்ற தொடரையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருடைய உடம்பு? சேதநாசேதநங்கள் யாவும் எம்பெருமானுக்கு சரீரம் என்பது நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. அப்படியிருக்க, இந்த உடம்பை இளைக்கச் செய்வதும் கொழுக்கச் செய்வதும் நம் விருப்பமென்று எப்படிச் சொல்வது? சாஸ்த்ரம் விதிக்காத கடுந்தவத்தால் உடலை வருத்துவோர் உள்ளே உறையும் தன்னையும் வருத்துகிறார்கள் என்று கீதையின் பதினேழாம் அத்யாயத்தில் கண்ணன் குறைப்படுகிறான். அதே அத்யாயத்தில் ஸாத்விக உணவுக்கு இலக்கணம் சொல்கையில் ஆயுளையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் வளர்ப்பது என்கிறான். ஆரோக்கியம் அந்த இலக்கணத்தின் உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் கொண்டுவந்து சேர்த்த சலுகையன்று.

உணவை ஒருவருக்காக மாற்றிக்கொள்வது இழிவென்றால், திருவிண்ணகர் ஒப்பிலியப்பன் என்ன சொல்வான்? மார்க்கண்டேய மஹர்ஷி, என் பெண் சிறியவள், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள் என்றபோது, உப்பில்லாததையே அமுது செய்கிறேன் என்று ஏற்றவன் அவன். இன்றும் அவனுக்குத் தளிகை உப்பில்லாமல்தான். அங்கே மாற்றத்துக்குக் காரணம் தன் நாவின் சுகமன்று, பிராட்டியிடத்து அன்பு.

வெளிநாட்டில் இருக்கும் அடியார்கள், பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லை என்பர். தொலைபேசி இருக்கிறது. ஏகாதசி பாதியிலே மயங்கும்போது கேட்பதைவிட, தசமிக்கு முன்பே மருத்துவரையும் ஆசார்யனையும் கேட்டு வைத்துக்கொள்வது நன்று. த்வாதசிப் பாரணையின் அகத்திக்கீரையைக்கூட, சித்த மருந்து உண்பவர்கள் தம் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அகத்தி மருந்தை முறிக்கும் என்பது நம்மூர் வழக்கு.

தாயார் இப்போதும் ஏகாதசி இருக்கிறார். பாலில் கரைத்த கோதுமை ரவைக் கஞ்சி, ஒரு சிறு வெள்ளித் தம்ளர், எழுதிக் கொடுத்த நேரங்களில். கஷாயம் குடிக்கும் குழந்தையின் முகத்தோடு அதை அருந்துவார். சென்ற மாதம் அவர் கஞ்சியை முடித்ததும், களைப்பாக இருக்கிறதே என்று அடியேன் அரை தம்ளர் காபி கலந்து நீட்டினேன். வாங்காமல் பார்த்தார்.

"இது எந்த மருந்துக்குடா அங்கம்?"